ஜெர்மனிக்குப் படிக்க வருகிறவர்களுக்கு: முதல் செமஸ்டரில் எத்தனை பாடம் எடுக்கலாம்?

அக்டோபர் நடுவில் வகுப்புகள் தொடங்கியதும், படிப்பு இங்கே லேசு என்றுதான் தோன்றும். ஒரு பாடத்துக்கு வாரத்தில் இரண்டு விரிவுரை, ஒரு பயிற்சி வகுப்பு, அவ்வளவுதான். லேப், செமினார் தவிர மற்றவற்றில் பெரும்பாலும் அட்டென்டன்ஸ் கிடையாது. இன்டர்னல் டெஸ்ட் இல்லை. நோட்டு முடித்தாயா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதை நம்பி நான் முதல் செமஸ்டரிலேயே 6 பாடம் எடுத்தேன். பிப்ரவரியில் மூன்று வாரத்துக்குள் 6 தேர்வு. ஒன்றில் 5.0, அதாவது ஃபெயில். இரண்டில் 3.7, அதாவது தட்டுத்தடுமாறிப் பாஸ். அந்த மூன்று வாரம் உங்களுக்கும் வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரமே உங்கள் துறையின் 'மோடூல்ஹாண்ட்பூக்'கைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை கிரெடிட், வகுப்பில் எத்தனை மணி நேரம், தனியாகப் படிக்க எத்தனை மணி நேரம் என்று அதில் இருக்கும். நான் அதைச் சம்பிரதாயத்துக்கு அச்சடித்த தாள் என்று நினைத்துப் புரட்டிவிட்டுப் போனேன். ஆனால் அந்த எண்கள் உண்மையானவை. இங்கே ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. 6 கிரெடிட் பாடம் என்றால் 180 மணி நேரம் வரை. வாரம் 4 மணி நேரம் வீதம் 15 வாரம் வகுப்பில் உட்கார்ந்தால் 60 மணி நேரம் கழியும். மிச்சம் 120 மணி நேரம் உங்கள் மேஜையில். அதைத்தான் அக்டோபரில் யாரும் கண்ணில் காட்டுவதில்லை.

ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட் என்பது கணக்கு. அதாவது 900 மணி நேரம். தேர்வுக்காலத்தையும் சேர்த்து 22, 23 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு 40 மணி நேரம், ஒரு முழுநேர வேலை. இதன்மேல் பகுதிநேர வேலையும் வரும். செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம் வேலை பார்த்தால் மொத்தம் 60. கூடவே ஜெர்மன் மொழி வகுப்பு வேறு. அதனால் என் யோசனை: முதல் செமஸ்டரில் 4 பாடம் போதும். வேலைக்கும் போகிறீர்கள் என்றால் மூன்று. படிப்பு ஒரு செமஸ்டர் நீண்டால் குடி முழுகிப் போகாது. இங்கே படிக்கும் ஜெர்மன் மாணவர்களிலேயே பலர் குறித்த காலத்துக்குள் முடிப்பதில்லை.

இனி கிரேடு. 1.0 உச்சம், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். 1.5 வரை 'மிக நன்று', 2.5 வரை 'நன்று'. சேர்க்கைக்கு விண்ணப்பித்தபோது உங்கள் சிஜிபிஏவை, நம் ஊர் மார்க்கை ஜெர்மன் கிரேடாக மாற்றும் பவேரிய சூத்திரத்தில் போட்டுப் பார்த்திருப்பீர்கள். 10க்கு 8.2, பாஸ் எல்லை 5 என்றால் ஏறக்குறைய 2.1 வரும். அதை மனதில் வைத்துக்கொண்டு இங்கும் 2.1 வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்தச் சூத்திரம் சேர்க்கைக்கு மட்டும்தான். முதல் செமஸ்டரில் 2.7 வந்தால் வீட்டில் எப்படிச் சொல்வது என்று கலங்க வேண்டாம், அது கௌரவமான கிரேடு. சராசரியும் கிரெடிட்டை வைத்தே கணக்கிடப்படும். உங்கள் மாஸ்டர் படிப்பில் ஆய்வேட்டுக்கு 30 கிரெடிட் என்றால், 120இல் கால் பங்கு அது ஒன்றே. தொடக்கத்தில் சறுக்கியதைப் பிறகு ஈடுகட்ட முடியும்.

முடியாதது ஒன்று உண்டு. நம் ஊரில் அரியர் வைத்தால் அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம் என்று பழகியவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். இங்கே ஒரு தேர்வுக்குப் பெரும்பாலும் மூன்று வாய்ப்பு, சில இடங்களில் இரண்டு. கட்டாயப் பாடத்தில் கடைசி வாய்ப்பும் போனால் பல்கலைக்கழகத்திலிருந்தே பெயரை நீக்கிவிடுவார்கள். அதே படிப்பை ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்தில் தொடரவும் முடியாது. விசாவும் படிப்பை நம்பித்தான் இருக்கிறது. இன்னொன்று, பாஸான தேர்வை மார்க்கைக் கூட்டுவதற்காக மறுபடி எழுதப் பொதுவாக விடமாட்டார்கள். இம்ப்ரூவ்மென்ட் என்ற பேச்சே இல்லை. என் 5.0 அடுத்த முறை 2.0 ஆனது. அந்த இரண்டு 3.7 மட்டும் இன்றும் மார்க்‌ஷீட்டில் அப்படியே இருக்கின்றன.

ஆகவே தயாராகாத தேர்வுக்குப் போய் ஒப்பேற்றாதீர்கள். பெயரைப் பதிவு செய்யவும் விலக்கிக்கொள்ளவும் இணையத்தில் கடைசித் தேதி இருக்கும். அதற்குள் விலகினால் வாய்ப்பு கழியாது. பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தால் 5.0 விழும். காய்ச்சல் என்றால் உடனே மருத்துவரிடம் சான்று வாங்கித் தேர்வு அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். பல பாடங்களில் வாராவாரம் தரும் பயிற்சித் தாள்களில் பாதி மார்க் எடுத்தால்தான் தேர்வெழுதவே அனுமதி, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விடை எழுதும் முறையும் மாற வேண்டும். 16 மார்க் கேள்விக்கு நான்கு பக்கம் நிரப்பும் கை நமக்கு. இங்கே 90 நிமிடத் தேர்வில் கேட்டதற்கு மட்டும் பதில் வேண்டும். கூடுதலாக எழுதியது தவறாக இருந்தால் அதற்கும் மார்க் குறையலாம். பழைய கேள்வித்தாள்கள் உங்கள் துறையின் மாணவர் குழுவான 'ஃபாக்‌ஷாஃப்ட்'டில் கிடைக்கும். டிசம்பரிலேயே வாங்கி, கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள்.

முடிவு வந்தபின் 'ஐன்ஸிஷ்ட்' என்று ஒரு நாள் அறிவிப்பார்கள். திருத்திய விடைத்தாளை நீங்களே உட்கார்ந்து பார்க்கலாம். கெஞ்சப் போகிற இடம் அல்ல அது, உங்கள் உரிமை. 5.0 வாங்கிய தாளைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் போனேன். இறுதி விடைகள் பாதி சரிதான், இடையில் படிகளை எழுதாமல் தாவியதால் மார்க் போயிருந்தது. உதவியாளர் அரைமணி நேரம் பொறுமையாக விளக்கினார். மார்க் ஒன்றும் கூடவில்லை. அடுத்த முறை வந்த 2.0க்கு அந்த அரைமணி நேரம்தான் காரணம். அந்தத் தேதி பெரும்பாலும் ஒரே ஒரு நாள், அதிலும் ஓரிரு மணி நேரம்தான். பாடத்தின் இணையப் பக்கத்தில் அறிவிப்பு வந்ததும் குறித்து வையுங்கள்.