ரோஸ் நிற பாரகுடா: தொழிற்சாலைப் பெயிண்ட்தானா என்று எப்படிப் பார்ப்பது?

"அக்கா, ஒரு பாரகுடா விலைக்கு வந்திருக்கிறது. 1970 மாடல், கூரை மடங்குகிற வண்டி, ரோஸ் கலர். ஃபேக்டரி பெயிண்ட் என்று சொல்கிறார்கள். ஒரு தடவை வந்து பார்த்துச் சொல்வீர்களா?"

தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் பழக்கமான ஒரு தம்பி போன அக்டோபரில் இப்படிக் கேட்டான். மிச்சிகனில் கார் பெயிண்ட் பரிசோதனைக் கூடம் ஒன்றில் நான் 19 வருஷமாக வேலை பார்க்கிறேன். அதற்கு முன்னால் திருச்செங்கோட்டில், அப்பாவின் லாரி பாடி பட்டறையில் வளர்ந்தவள். பட்டி பூசிய தகட்டைத் தட்டினால் சத்தம் அமுங்கிக் கேட்கும், வெறும் தகடு கணீரென்று பேசும். இதை அப்பா சொல்லித் தரவில்லை. பட்டறையிலேயே கிடந்ததால் காதில் ஏறிவிட்டது. அங்கே கற்றதும் இங்கே கற்றதும் சேர்ந்துதான் இப்போது பழைய வண்டிகளைப் பார்க்க உதவுகிறது. பிளிமத் பாரகுடா, டாட்ஜ் சேலஞ்சர் இரண்டில் எதை வாங்கப் போனாலும் கீழே சொல்கிற வரிசையிலேயே பாருங்கள்.

முதலில் அந்த நிறத்தின் கதை. பிளிமத், டாட்ஜ் இரண்டையும் தயாரித்த கிரைஸ்லர் நிறுவனம் 1970-ல் கண்ணைப் பறிக்கிற நிறங்களாகச் சிலவற்றை விற்றது. 'ஹை இம்பாக்ட்' என்று பெயர். ஆரஞ்சு, எலுமிச்சை மஞ்சள், கிளிப்பச்சை, கத்தரிப்பூ நிறம் எல்லாம் இருந்தன. இவற்றில் எஃப்எம்3 என்ற குறியீடு கொண்ட ரோஸ் நிறமும், எஃப்ஜே6 என்ற பச்சையும் மாடல் வருஷத்தின் நடுவில், 1970 வசந்தத்தில்தான் வந்தன. அந்த ரோஸுக்கு பிளிமத்தில் 'மூலான் ரூஜ்' என்று பெயர், டாட்ஜில் 'பாந்தர் பிங்க்'. இரண்டும் ஒரே பெயிண்ட்தான். அன்றைக்கு ரோஸ் கார் கேட்டு வந்தவர்கள் குறைவு. வாங்கியவர்களிலும் பலர் பிற்பாடு வேறு நிறம் அடித்துவிட்டார்கள். அதனால்தான் இன்றைக்கு இந்தக் கிராக்கி. கிராக்கி வந்த பிறகு, என்றைக்குமே ரோஸாக இல்லாத வண்டிகளும் ரோஸாகிவிட்டன.

கிளம்பும்போது பையில் இருக்க வேண்டியவை: பெயிண்ட் கனம் அளக்கும் மீட்டர், சின்னக் காந்தம், நல்ல டார்ச், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற குட்டிக் கண்ணாடி, வெள்ளைப் பருத்தித் துணி, கொஞ்சம் பாலிஷ், நோட்டுப் புத்தகம். பகலில் போங்கள். வண்டியை முன்கூட்டியே கழுவி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஈரம் காயாத பெயிண்ட் எல்லாக் குறையையும் மறைத்துவிடும்.

வண்டி முன்னால் நின்றதும் நிறத்தைப் பார்க்காதீர்கள். கஷ்டம்தான், இருந்தாலும் முதல் அரைமணி நேரம் எழுத்துகளை மட்டும் பாருங்கள். டாஷ்போர்டின் இடப்பக்க மேல்மூலையில், கண்ணாடி வழியாகத் தெரிகிற மாதிரி வின் நம்பர், அதாவது வண்டியின் அடையாள எண், அடித்த தகடு இருக்கும். 13 எழுத்து. சாதாரண பாரகுடா கன்வர்ட்டிபிள் என்றால் பிஎச்27 என்று ஆரம்பிக்கும், பாரகுடாவின் வேக வகையான 'குடா' என்றால் பிஎஸ்27. அந்த 27தான் முக்கியம். கூரை மடங்கும் உடலுக்கு 27, கூரை போட்ட கூபேவுக்கு 23. 23 என்று இருந்தால் யாரோ கூரையை அறுத்திருக்கிறார்கள், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். அடுத்த எழுத்து எஞ்சின், அளவு கன அங்குலத்தில்: ஜி என்றால் 318, எச் என்றால் 340, ஆர் என்றால் 426 ஹெமி. அப்புறம் 0 என்பது 1970. அதற்கடுத்த பி என்பது டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராமிக் தொழிற்சாலை. ஹெமி எஞ்சினோடு 1970-ல் வந்த குடா கன்வர்ட்டிபிள் வெறும் 14. அதனால் ஆர் எழுத்தைப் பார்த்தால் சந்தோஷப்படுவதற்குப் பதிலாக இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள்.

தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளின் தலை பூ இதழ் போல இருக்க வேண்டும். உருண்டைத் தலை ரிவெட் என்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். பிறகு வின்னின் கடைசி எட்டு எழுத்துகளை உடலிலேயே தேடுங்கள். ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தில் ஓரிடம், எஞ்சின் அறையின் பின்சுவர் மேல்விளிம்பில் ரப்பருக்கு அடியில் ஓரிடம். இரண்டும் தகட்டோடு ஒத்துப் போக வேண்டும். எழுத்துக்குச் சுற்றிலும் வெல்டிங் கோடு, சாணை பிடித்த தடம் தெரிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வின்னைத் திருத்துவதும், ஒரு வண்டியின் தகட்டை எடுத்து இன்னொன்றில் வைப்பதும் அமெரிக்காவில் குற்றம். அப்படிப்பட்ட வண்டியை வாங்கினால் பணமும் போகும், வண்டியும் போகும்.

இப்போது பானெட்டுக்குள், டிரைவர் பக்கம் உள் ஃபெண்டர் மேல் இரண்டு திருகாணியில் ஒரு சின்னத் தகடு இருக்கும். ஃபெண்டர் டேக் என்பது இதுதான். கீழ் வரியிலிருந்து மேலே படிக்க வேண்டும். கீழ் வரியில் எஞ்சின், கியர்பாக்ஸ், வின். அதற்கு மேல் வரியில் முதலில் பெயிண்ட் குறியீடு, அப்புறம் சீட் துணி, தயாரிப்புக்குக் குறித்த நாள், ஆர்டர் எண். மேலே போகப் போக மற்ற வசதிகள். வி3டபிள்யூ என்றால் வெள்ளைக் கூரைத்துணி, வி3எக்ஸ் என்றால் கறுப்பு. பெயிண்ட் இடத்தில் 999 என்று இருந்தால் அது சிறப்பு ஆர்டர் நிறம். என்ன நிறம் என்று டேக் சொல்லாது, வண்டியின் உள்மறைவுகள்தான் சொல்ல வேண்டும்.

தம்பி பார்த்து வைத்திருந்த வண்டியில் எஃப்எம்3 என்று அழகாக அடித்திருந்தது. அவன் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. நான் அதே வரியில் நாளைப் பார்த்தேன்: ஏ21. இந்தக் குறியீட்டில் ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9, அக்டோபர் ஏ, நவம்பர் பி, டிசம்பர் சி. 1970 மாடல் வண்டிகளை 1969-லேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள், ஆக ஏ21 என்பது 1969 அக்டோபர் 21. வசந்தத்தில் வந்த நிறம் அதற்கு முந்தைய அக்டோபரில் எப்படி வரும்? டேக்கைக் கீழே கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அடிப்பக்கம் பளிச்சென்று வெறும் தகடாக இருந்தது. தொழிற்சாலையில் உடலுக்கு நிறம் அடிக்கும்போதே அந்த டேக் அங்கே இருக்கும். உடம்பு நிறம் அதன் மேலும் படிந்திருக்க வேண்டும். பழசு போலவே புது டேக் அடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். இதை அடித்தவர் பழைய டேக்கைப் பார்த்து எல்லாவற்றையும் அப்படியே எழுதி, பெயிண்ட் குறியீட்டை மட்டும் மாற்றியிருக்கிறார், நாளை மறந்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் டேக்கை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. காணாமல் போன டேக்குக்கு நல்லெண்ணத்தோடு புதிது வாங்கி மாட்டியவர்களும் உண்டு.

இன்னொரு காகிதமும் கிடைக்கலாம். தொழிற்சாலை வரிசையில் வேலை செய்கிறவர்களுக்கு எந்த வண்டியில் எதைப் பூட்ட வேண்டும் என்று சொன்ன பிராட்காஸ்ட் ஷீட். பின்சீட் ஸ்பிரிங்குக்குள், கார்ப்பெட் அடியில், பெட்ரோல் டாங்க் மேல் தேடுங்கள். எலி கடித்து, மக்கி, பாதிதான் இருக்கும். சில நேரம் பக்கத்து வண்டியின் ஷீட் இதில் கிடக்கும். வேலையவசரத்தில் அப்படிச் செருகியிருக்கிறார்கள், அது ஏமாற்று வேலை ஆகாது. வின்னும் ஆர்டர் எண்ணும் ஒத்துப் போனால் மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். 1967 வரையான வண்டிகளுக்குக் கிரைஸ்லரின் ஆவணக் காப்பகத்தில் தயாரிப்புப் பதிவு உண்டு. 1970-க்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் வண்டியின் உடம்பையே கேட்க வேண்டியிருக்கிறது.

சரி, இனி பெயிண்ட். அந்தக் காலத்துக் கிரைஸ்லர் பெயிண்ட் சூட்டில் உலர்த்திய அக்ரிலிக் எனாமல். நிறமே மேல்பூச்சு, அதற்கு மேல் கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பூச்சு கிடையாது. வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் தொட்டு, உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, கதவுக்குள் விளிம்பில் லேசாகத் தேயுங்கள். துணியில் நிறம் ஒட்டினால் கிளியர் இல்லை. ஒட்டவே இல்லையென்றால் மேலே கிளியர் இருக்கிறது, பிற்காலத்தில் அடித்தது. ஆனால் கவனம், நிறம் ஒட்டியதால் மட்டும் தொழிற்சாலைப் பெயிண்ட் ஆகிவிடாது. 1975-ல் ஒரு பட்டறையில் அடித்த எனாமலும் ஒட்டத்தான் செய்யும்.

அப்புறம் மீட்டர். ஒவ்வொரு தகட்டிலும் ஏழெட்டு இடம் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய தொழிற்சாலைப் பூச்சு பெரும்பாலும் 75 முதல் 150 மைக்ரானுக்குள் நிற்கும். பாலிஷ் போட்டுப் போட்டு விளிம்புகளில் அதற்கும் கீழே இறங்கியிருக்கும், அது நல்ல அறிகுறி. வண்டி முழுக்க 250, 300 என்று வந்தால் மேலே இன்னொரு பூச்சு இருக்கிறது. ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே பட்டி, காந்தமும் வழுக்கும். எண்ணின் அளவைவிட அது எங்கே தாவுகிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். இடது ஃபெண்டர் 110, கதவு 120, பின்பக்கம் திடீரென்று 400 என்றால் பின்னால் எப்போதோ இடி வாங்கியிருக்கிறது.

இவ்வளவும் மேல்பார்வை. மறு பெயிண்ட் அடிக்கிறவர், எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குத்தான் உழைப்பார். அப்பாவின் பட்டறையிலும் அப்படித்தான், லாரியின் பெட்டிக்கு அடியில் பழைய முதலாளியின் நிறம் அப்படியே இருக்கும். யாரும் மெனக்கெடாத அந்த இடங்களுக்குத்தான் போக வேண்டும். பின்சீட்டைத் தூக்கிப் பாருங்கள். டிரங்கில் விரிப்பை எடுத்துவிட்டு மூலைகளைப் பாருங்கள். கதவின் உள் அட்டையைக் கழற்ற அனுமதி கேளுங்கள். டெயில் லைட்டுக்குப் பின்னால் டார்ச் அடியுங்கள். கன்வர்ட்டிபிளில் ஒரு பெரிய வசதி உண்டு: பின்சீட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கும் அட்டைகளுக்குப் பின்னால், கூரைத்துணி மடங்கி இறங்குகிற குழி. அங்கே இருக்கும் தகட்டுக்கு வெயிலே படாது. தொழிற்சாலைத் தெளிப்பு அங்கே ஒழுங்காக இருக்காது. ஓரிடத்தில் நிறம், ஓரிடத்தில் மெல்லிய தூவல், ஓரிடத்தில் பிரைமரே தெரியும். அந்த ஒழுங்கின்மைதான் வேண்டும். ஒரே சீராக, பளபளவென்று இருந்தால் யாரோ அக்கறையாக அடித்திருக்கிறார்கள்.

கீல் போல்ட்டுகளையும் பாருங்கள். கதவும் ஃபெண்டரும் பூட்டிய பிறகுதான் நிறம் அடித்தார்கள், அதனால் போல்ட் தலையிலும் அதே நிறம் இருக்கும். ஸ்பானர் பட்டு மூலை உரிந்திருந்தால் அந்தத் தகடு ஒரு தடவை கீழே இறங்கி ஏறியிருக்கிறது. வயரிங், ரப்பர், பிரேக் குழாய் மேல் உடம்பு நிறத் தூவல் இருக்கவே கூடாது. அவையெல்லாம் பெயிண்ட்டுக்குப் பிறகு மாட்டியவை.

அந்த ரோஸ் வண்டியில் வெளியே எல்லாம் 280-லிருந்து 320 வரை. துணியில் நிறம் ஒட்டவில்லை. உரிமையாளர் எழுபது தாண்டிய மனிதர், பொறுமையாகக் கூடவே நின்றார். 12 வருஷத்துக்கு முன்னால் இதே ரோஸாகத்தான் வாங்கினாராம். வலப்பக்க அட்டையைக் கழற்றலாமா என்று கேட்டதும் அவரே திருகாணியை எடுத்துக் கொடுத்தார். உள்ளே டார்ச் அடித்தேன். நீலம். நல்ல மெட்டாலிக் நீலம், ஈபி5 என்ற குறியீடு. தூவலாக, அங்கங்கே பிரைமர் தெரிய, ஒரு கையகலத்துக்குக் கெட்டியாக. மீட்டரின் முனையை உள்ளே விட்டு வைத்தேன். 95 மைக்ரான்.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று பார்த்திருக்கிறேன். கத்தரிப்பூ நிற, எஃப்சி7 குறியீட்டு சேலஞ்சர் கன்வர்ட்டிபிள். டிரைவர் முழங்கை வைக்கிற கதவு விளிம்பில் நிறம் தேய்ந்து பிரைமர் தெரிந்தது. பானெட் வெளிறிப் போயிருந்தது. கூரைத்துணி உறையின் பட்டன் வரிசைக்கு அடியில் மட்டும் நேற்றுப் பறித்த கத்தரிக்காய் மாதிரி அடர்ந்த நிறம். டேக், சீட் அடி, டிரங்க் மூலை எல்லாம் ஒரே பேச்சாகப் பேசின. அதன் உரிமையாளர் புதுசாக அடித்துவிடலாமா என்று கேட்டபோது நான் கெஞ்சாத குறையாகத் தடுத்தேன். அப்படி ஒரு வண்டி உங்களுக்குக் கிடைத்தால், தயவு செய்து அதற்கு ஸ்ப்ரே கன்னைக் காட்டாதீர்கள். கழுவி, மெழுகு பூசி, நிழலில் வையுங்கள், போதும்.

பெரியவருக்கும் நீலத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு விற்றவனும் சொல்லவில்லை என்றார், குரலில் கோபம் இல்லை. தம்பி தயங்கித் தயங்கி, நீல வண்டிக்குரிய விலைக்குத் தர முடியுமா என்று கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றவர், மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டுச் சம்மதித்தார். விற்பனைத் தாளில், 'முதலில் ஈபி5 நீலம், பிற்பாடு ரோஸ், ஃபெண்டர் டேக் அசல் அல்ல' என்று எழுத வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பக்க அட்டையைத் தம்பி இன்னும் மாட்டவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் டார்ச் அடித்து அந்த நீலத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறான்.