கட்டுப் போட்ட காலுக்கு ஓட்டுப் போட்ட கதை: மாதத்தின் டென்னிஸ் வீரரைத் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் டென்னிஸ் பற்றிப் பேசினாலே சிரிப்பார்கள். வியாசர்பாடி என்றால் கால்பந்து, வண்ணாரப்பேட்டை என்றால் கேரம், எந்தச் சந்தில் நுழைந்தாலும் கிரிக்கெட். இதற்கு நடுவில், ராக்கெட்டைக் கையால் தொட்டே பார்க்காத ஒரு 15 பேர் கூடி, இந்த மாதம் உலகத்திலேயே நன்றாக ஆடிய டென்னிஸ் ஆட்டக்காரர் யார் என்று தீர்ப்புச் சொல்வது கொஞ்சம் ஓவர்தான். இருந்தாலும் பல வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு டீக்கடை. அதன் மாடியில் கேரம் கிளப். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே கூடுவோம். ஆளுக்கு ஒரு சீட்டு. அதில் ஒரு பெயர், பெயருக்குக் கீழே மூன்று வரிக்குள் காரணம். சீட்டைப் பிரித்துப் படித்து, கத்தி, சமாதானமாகி, கடைசியில் கை தூக்கி முடிவு செய்வோம். ஜெயித்த பெயர் கிளப்பின் கரும்பலகையில் அடுத்த கூட்டம் வரை நிற்கும். எந்தச் சீட்டு படுமோசம் என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறோமோ, அந்தச் சீட்டுக்காரர் பர்மா பஜார் பக்கம் போய் அத்தனை பேருக்கும் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) பார்சல் வாங்கி வர வேண்டும்.

சமீபத்தில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வந்து சேர்ந்திருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். ராத்திரி முழுக்க விழித்திருந்து ஆட்டம் பார்க்கிறார்கள். ஆனால் சீட்டைப் பிரித்தால் நான் செய்த அதே தப்புகள், அச்சு அசலாக! பிடித்த ஆளுக்கே மாதாமாதம் எழுதாதே, பெயரைத் தப்பாக எழுதாதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது அவர்களுக்கே தெரியும்.

தரவரிசையைப் பார்த்துப் பெயர் எழுதுவது

இதில்தான் என் பணம் போனது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

2022 ஜூன் மாதம். வேலை அதிகம், ஆட்டங்களைச் சரியாகப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குக் கிளம்பும் முன் தரவரிசைப் பட்டியலை ஒரு புரட்டுப் புரட்டினேன். ஜூன் 13 அன்று வந்த பட்டியலில் ஜெர்மனியின் ஸ்வெரெவ் இரண்டாம் இடம். அதுவரை அவர் அவ்வளவு மேலே போனதே இல்லை. ஆகா, ஆள் கிடைத்துவிட்டார் என்று எழுதிவிட்டேன்: "ஸ்வெரெவ். வாழ்நாளின் உச்சம். உலக நம்பர் 2."

சீட்டைப் பிரித்தவர் காசிமேட்டில் மீன் ஏலக் கணக்கு எழுதும் நண்பர். படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னாண்ணா இது? அவரு கால்ல கட்டு போட்டுக்குனு கெடக்குறாரு. அவருக்கா ஓட்டு?"

உண்மைதான். ஜூன் 3 அன்று பிரெஞ்சு ஓபன் அரையிறுதியில் நடாலோடு ஆடிக்கொண்டிருந்தபோது ஸ்வெரெவின் கணுக்கால் மடங்கியது. முதல் செட் டைபிரேக்கில் (6-6 ஆனால் செட்டை முடிவு செய்யும் கடைசி கேமில்) போய்விட்டது, இரண்டாவது செட் 6-6. சக்கர நாற்காலியில் வெளியே போனவர், ஊன்றுகோல்களோடு திரும்பி வந்து நடுவருக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். அந்த மாதம் முழுக்க அவர் ஆடியது அந்த ஒரே ஆட்டம், அதுவும் முடியாத ஆட்டம். ஜூன் மாதத்தில் ஒரு வெற்றிகூட இல்லாதவரை நான் ஜூன் மாத வீரராக எழுதியிருக்கிறேன்! அவரை எதிர்த்து நின்ற நடால் ஜூன் 5-ல் 14-வது முறையாகக் கோப்பையைத் தூக்கினார். பட்டியலில் நடாலுக்கு எந்த இடம்? நான்கு.

கோப்பை வாங்கியவர் நான்கில், கட்டிலில் படுத்தவர் இரண்டில். இது எப்படி என்று அன்றைக்கு எனக்கு விளக்கியது அந்த ஏலக் கணக்கு நண்பர்தான். தரவரிசைப் புள்ளி என்பது ஒரு வருஷ ரீசார்ஜ் மாதிரி. 52 வாரம் வேலிடிட்டி. போன வருஷம் இதே போட்டியில் எடுத்த புள்ளி இந்த வருஷம் காலாவதியாகும், அந்த இடத்தில் புதுப் புள்ளி ஏறும். கிராண்ட்ஸ்லாம், அதாவது வருஷத்தின் நாலு பெரிய போட்டிகளில் ஒன்றை, ஜெயித்தால் 2000 புள்ளி. அடுத்த வருஷமும் அதே கோப்பையை ஜெயித்தால்தான் இருந்த இடத்தில் இருக்கலாம். 2021-ல் பிரெஞ்சு ஓபன் ஜெயித்தது ஜோகோவிச். கொரோனாவால் அந்த வருஷம் போட்டி ஒரு வாரம் தள்ளி ஜூன் 13-ல் முடிந்தது. அதனால் அந்த 2000 புள்ளியும் சரியாக 2022 ஜூன் 13-ல் கழன்று விழுந்தது. ஜோகோவிச் மூன்றுக்கு இறங்கினார், மெத்வெதேவ் ஒன்றுக்கும் ஸ்வெரெவ் இரண்டுக்கும் ஏறினார்கள். ஸ்வெரெவ் ஏறினார் என்று சொல்வதே தப்பு. மேலே இருந்தவர் இறங்கியதால் இவர் மேலே தெரிந்தார், அவ்வளவுதான்.

அத்தோ 15 பார்சல். முட்டை போட்டது.

இதோடு விட்டிருந்தால் சரி. அடுத்த மாதம் நான் புத்திசாலியாகிவிட்டேன். மொத்தப் புள்ளியைத்தானே பார்க்கக் கூடாது, இந்த மாதம் புதிதாகச் சேர்த்த புள்ளியைப் பார்க்கலாமே என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஜூலையில் ஹாம்பர்க்கில் அல்கராஸைத் தோற்கடித்துக் கோப்பை வாங்கிய முசெட்டிக்கு 500 புள்ளி. முசெட்டி என்று எழுதி, கணக்கையும் பக்கத்திலேயே போட்டு, பெருமையாகச் சீட்டை மடித்தேன்.

அது எந்த ஜூலை என்று டென்னிஸ் பார்ப்பவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். ரஷ்யா, பெலாரஸ் ஆட்டக்காரர்களை அந்த வருஷம் விம்பிள்டனில் சேர்க்கவில்லை. அதனால் போட்டிக்கே தரவரிசைப் புள்ளி கிடையாது என்று தரவரிசை நடத்தும் சங்கங்கள் சொல்லிவிட்டன. ஜோகோவிச் விம்பிள்டனை ஜெயித்தார், புள்ளி பூஜ்யம். போன வருஷத்து 2000 மட்டும் போனது. 6770-ல் இருந்தவர் 4770 ஆகி, கோப்பை வாங்கிய மறுநாள் ஏழாம் இடத்துக்கு இறங்கினார். பெண்களில் ஜெயித்த ரிபாகினா 23-வது இடத்தில் இருந்தார். ஜெயித்த பிறகும் 23தான். நான் விம்பிள்டன் ஜெயித்த இரண்டு பேரையும் விட்டுவிட்டு, கால்குலேட்டரை நம்பி ஹாம்பர்க்குக்குப் போயிருக்கிறேன்.

மறுபடியும் அத்தோ. கடைக்காரரே, "என்ன சார், மாசா மாசம் விசேஷமா?" என்று கேட்டார்.

இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2025 ஏப்ரல் கூட்டத்தில், மார்ச் மாதத்துக்குப் புதுத் தம்பி ஒருவர் எழுதிய சீட்டு இது: "சின்னர். நம்பர் ஒன்." சின்னர் அப்போது ஊக்கமருந்து விவகாரத்தில் மூன்று மாதத் தடையில் இருந்தார், பிப்ரவரி 9 முதல் மே 4 வரை. மார்ச்சில் ஒரு பந்துகூட ஆடவில்லை. ஆனால் பழைய புள்ளிகள் மலை மாதிரி இருந்தன, துரத்தி வந்தவர்களும் வழியிலேயே தோற்றுக்கொண்டிருந்தார்கள். அதனால் தடைக்காலம் முழுக்க முதலிடம் அவருக்கே. தம்பி சீட்டைப் படித்ததும் எனக்கு என் 2022 ஞாபகம் வந்துவிட்டது. சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. திட்டினேன்.

அதே கூட்டத்தில் கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் ஒரு கல்லூரிப் பெண்ணின் சீட்டு இப்படி இருந்தது: "அலெக்சாண்ட்ரா ஈலா, பிலிப்பைன்ஸ். தரவரிசை 140. மயாமியில் ஓஸ்டபென்கோ, கீஸ், ஸ்வியாடெக் மூவரையும் வீழ்த்தி அரையிறுதி. மூவரும் கிராண்ட்ஸ்லாம் ஜெயித்தவர்கள்." சீட்டென்றால் இதுதான். தரவரிசையை எழுதியிருக்கிறார், ஆனால் தகுதியாக அல்ல, எவ்வளவு கீழேயிருந்து வந்தார் என்று காட்ட. யாரை ஜெயித்தார், எந்தப் போட்டியில், எது வரை போனார், மூன்றும் இருக்கிறது. கடைசியில் பலகையில் ஏறியது சபலென்கா, மார்ச்சின் இரண்டு பெரிய அமெரிக்கப் போட்டிகளான இன்டியன் வெல்ஸில் ஃபைனல், மயாமியில் கோப்பை என்ற கணக்கில். அது சரியான முடிவுதான். ஆனால் அந்தச் சீட்டை மட்டும் நான் தூக்கிப் போடவில்லை. புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டுகிறேன்.

பட்டியலைப் பார்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஒரு ஆட்டக்காரர் ஜெயித்த எதிராளிகள் எவ்வளவு பலசாலிகள் என்று எடை போட அதைப் பாருங்கள். அவர் சொந்த இடத்தைப் பார்க்காதீர்கள். நான் இப்போது ஒரு 40 பக்க நோட்டு வைத்திருக்கிறேன். வாரம் முடிந்ததும் யார், யாரை, எங்கே என்று எழுதிவிடுவேன். பத்து நிமிஷ வேலை.

மாதத்தின் எல்லையைக் கவனிக்காமல் விடுவது

டென்னிஸ்காரர்கள் நம் காலண்டரைப் பார்த்துப் போட்டி வைப்பதில்லை. பிரெஞ்சு ஓபன் மே கடைசியில் தொடங்கி ஜூனில் முடியும். அமெரிக்க ஓபன் ஆகஸ்டில் தொடங்கி செப்டம்பரில் முடியும். முதல் வாரத்து ஆட்டத்தை ஒரு மாதத்திலும் கோப்பையை அடுத்த மாதத்திலும் வைத்து இரண்டு மாதமும் ஒரே ஆளுக்கு எழுதும் சாமர்த்தியசாலிகள் எங்களிடம் உண்டு.

2025-ல் இந்தத் தொல்லை நம் ஊருக்கே வந்தது. நுங்கம்பாக்கத்தில் நடந்த சென்னை ஓபன் பெண்கள் போட்டி அக்டோபர் 27-ல் தொடங்கி நவம்பர் 2-ல் முடிந்தது. நாங்கள் நாலு பேர் பீச் ஸ்டேஷனில் ரயில் மாறிப் போய் ஃபைனல் பார்த்தோம். இந்தோனேசியாவின் ஜானிஸ் ஜென் ஜெயித்தார். திரும்பும்போது ரயிலிலேயே சண்டை: இவர் அக்டோபரா, நவம்பரா?

எங்கள் விதி எளிது. ஃபைனல் எந்த மாதமோ, முழுப் போட்டியும் அந்த மாதத்துக் கணக்கு. தேதியும் போட்டி நடக்கும் ஊரின் தேதி. நியூயார்க்கில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடக்கும் ஃபைனல் நமக்குத் திங்கட்கிழமை விடியற்காலை முடியும். அதற்காக அதைத் திங்கட்கிழமைக் கணக்கில் எழுத முடியாது. இந்த விதி முழு நியாயமா என்றால், இல்லை. ஆனால் விதி இல்லாத மாதங்களில் ராத்திரி பத்து மணி வரை வீட்டுக்குப் போனதில்லை.

கடைசி ஸ்கோரை மட்டும் படிப்பது

2008 ஜனவரி, சென்னை ஓபன் ஃபைனல். நடால் 0-6, 1-6 என்று யூஸ்னியிடம் தோற்றார். ஸ்கோரை மட்டும் படித்தவருக்கு நடால் ஆடவே இல்லை என்று தோன்றும். முந்தைய நாள் அரையிறுதியில் அவர் மோயாவோடு கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஆடினார். மூன்று செட்டும் டைபிரேக். அன்றைக்கு நான் ஸ்டேடியத்தில் இருந்தேன். வெளியே வரும்போது எனக்கே கால் வலித்தது.

கண்ணால் பார்த்ததைப் பெரிதாக நினைப்பது

2024 பிப்ரவரியில் சுமித் நாகல் இங்கே சேலஞ்சர் என்ற இரண்டாம் நிலைப் போட்டியை ஜெயித்து உலகத் தரவரிசையில் முதல் நூறுக்குள் நுழைந்தார். பாதிப் பேர் நேரில் பார்த்திருந்தோம். பெரிய போட்டிகளில் அந்த மாதம் என்ன நடந்தது என்று யாரும் வாயே திறக்கவில்லை. பலகையில் நாகல் பெயர் ஏறியது. தப்புதான். சந்தோஷமான தப்பு.

இரட்டையரை மறப்பது

2024 ஜனவரி. போபண்ணா 43 வயதில் எப்டனோடு ஆஸ்திரேலிய ஓபன் ஜெயித்து, இரட்டையரில் உலக முதலிடத்துக்கும் போனார். 15 சீட்டில் ஒன்றில்தான் அவர் பெயர் இருந்தது.

மாதம் முடியும் முன்பே எழுதிவிடுவது

2025 மார்ச் 29-ல், இன்டியன் வெல்ஸ் ஜெயித்திருந்தாரே என்று "டிரேப்பர்" என்று எழுதி மடித்துவிட்டேன். மறுநாள் மயாமி ஃபைனலில் 19 வயது மென்ஷிக் ஜோகோவிச்சை இரண்டு டைபிரேக்கில் முடித்துவிட்டார்.

காரணம் எழுதாமல் விடுவது

"செம்ம ஆட்டம்" என்பது காரணம் அல்ல.

டிசம்பர்

டிசம்பருக்கு ஆள் தேர்ந்தெடுக்காதீர்கள். பெரிய போட்டி எதுவும் இல்லாத மாதம் அது. நாங்கள் பலகையைத் துடைத்துவிட்டுக் கேரம் ஆடுகிறோம்.