புது வீடு, பழைய ஊர்: ஹாடன்ஹாம் பக்கம் வீடு பார்ப்பவர்களுக்கு

"லண்டனுக்கு நாற்பதே நிமிடம்" என்று வீடு கட்டும் கம்பெனிகள் பலகை வைத்திருக்கும். பொய் இல்லை. ஆனால் அந்த நாற்பது, ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகு எண்ண ஆரம்பிக்கிற நாற்பது. வீட்டு வாசலிலிருந்து ஸ்டேஷனுக்குப் போவது, லண்டன் மேரிலபோன் ஸ்டேஷனில் இறங்கி ஆபீஸ் போய்ச் சேர்வது எல்லாம் உங்கள் கணக்கு. எனக்கு அது மொத்தம் ஒன்றரை மணி நேரம். வாரத்தில் இரண்டு நாள் என்பதால் தாங்குகிறது.

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷரில் இருக்கிற ஹாடன்ஹாம் கிராமத்துக்கு நாங்கள் வந்து சில வருடங்கள் ஆகின்றன. "அங்கே வீடு வாங்கலாமா, நன்றாக இருக்குமா?" என்று மாதம் ஒருவராவது கேட்கிறார்கள், பெரும்பாலும் நாட்டுக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகாதவர்கள். ஊர் நன்றாகவே இருக்கிறது. ஆனால் முதல் வருடம் வாடகைக்கு இருங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். முதலில் ஊர்.

இங்கே பழைய ஸ்டேஷன் 1963இல் மூடப்பட்டது. இப்போதுள்ள ஹாடன்ஹாம் அண்ட் தேம் பார்க்வே 1987இல் வந்தது. 'பார்க்வே' என்று பெயரில் இருந்தால், சுற்றுவட்டாரத்துக்காரர்கள் காரில் வந்து நிறுத்திவிட்டு ரயில் ஏறுவதற்காகக் கட்டிய ஸ்டேஷன் என்று புரிந்துகொள்ளுங்கள். பார்க்கிங்குக்குத் தனிக் காசு. ஒரு பக்கம் லண்டன், இன்னொரு பக்கம் ஆக்ஸ்ஃபோர்டு, பர்மிங்ஹாம் என்று மூன்று ஊருக்கும் நேர் ரயில் உண்டு. கணவனுக்கு ஒரு ஊர், மனைவிக்கு இன்னொரு ஊர் என்று வேலை அமைகிற நம் குடும்பங்களுக்கு இது பெரிய வசதி. என் மனைவி நர்ஸ். எய்ல்ஸ்பரியில் இருக்கிற ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரிக்குக் காரில் போய் வருகிறாள்.

கார் என்றதும் ஒன்று. இந்திய, இலங்கை லைசன்ஸை வைத்து இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம். அதை அப்படியே மாற்றித் தரமாட்டார்கள். தியரி, பிராக்டிகல் இரண்டு தேர்விலும் தேற வேண்டும். தேர்வுத் தேதி கிடைப்பதே திண்டாட்டம் என்பதால் வந்த மாதமே புரொவிஷனல் லைசன்ஸுக்கு (பழகுநர் உரிமம்) போட்டுவிடுங்கள். கிராமத்தில் கார் இல்லாமல் இருக்கலாம், ஆனால் டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். சைட்டைப் பார்க்க ஜூன் மாத சனிக்கிழமை மத்தியானம் போகாதீர்கள். நவம்பர் மாத செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்டேஷனில் இறங்கி அந்த வீட்டுக்கு நடந்து பாருங்கள். நடைபாதை எங்கே முடிகிறது, விளக்கு எங்கே இல்லை என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

ஊரின் பழைய பகுதியை ஒரு முறை நிதானமாக நடந்து பார்க்க வேண்டும். சர்ச் பக்கத்தில் குளம், அதில் வாத்துகள். சந்துகளில் இரண்டு பக்கமும் வெள்ளை மண் சுவர். 'விச்சர்ட்' என்பார்கள். இந்த மண்ணுக்கே உரிய சுண்ணாம்புக் களிமண்ணில் வைக்கோலை மிதித்துக் குழைத்து, அடியில் கல் வரிசை வைத்து, அடுக்கடுக்காக ஏற்றிக் காயவிட்ட சுவர். மழை உள்ளே இறங்காமல் தலையில் ஓட்டுத் தொப்பி. எங்கள் தாத்தா வீட்டுக் கொல்லைச் சுவரும் இதே வேலைதான். என் அம்மா வந்திருந்தபோது கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இதைப் பார்க்கவா பிளேன் ஏறி வந்தேன்?" என்றாள். இப்போது வீடுகள் எழும்பியிருக்கிற இடங்களில் ஒன்று, இரண்டாம் உலகப் போரில் கிளைடர் பயிற்சி நடந்த விமானத் தளம்.

இனி பணம். எல்லாரும் டெபாசிட்டையும் மார்ட்கேஜையும் கணக்குப் போடுகிறார்கள், ஸ்டாம்ப் டூட்டியில் கவிழ்கிறார்கள். 4,75,000 பவுண்ட் வீடு என்று வையுங்கள். 2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதப்படி, முதன்முறையாக வீடு வாங்குபவருக்கு 8,750 பவுண்ட். ஆனால் 'முதன்முறை' என்பது இங்கிலாந்தில் மட்டும் முதன்முறை இல்லை, உலகத்திலேயே முதன்முறை. தாம்பரத்தில் ஒரு ஃபிளாட், யாழ்ப்பாணம் கொக்குவிலில் அப்பா எழுதிக் கொடுத்த வீட்டில் ஒரு பங்கு, ஏதாவது உங்கள் பெயரில் ஒருநாள் இருந்திருந்தாலும் அந்தச் சலுகை போயிற்று. டூட்டி 13,750 ஆகிவிடும். சேர்ந்து வாங்கும்போது இருவரில் ஒருவருக்கு இருந்தாலே போதும். அந்த வீடு இன்னும் கையில் இருந்து, உங்கள் பங்கு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ பெறுமென்றால், 'இரண்டாவது வீடு' என்று மொத்த விலைக்கு இன்னும் 5 சதவீதம், அதாவது 23,750 பவுண்ட் ஏறும். வாங்குவதற்கு முந்தைய 12 மாதத்தில் 183 நாள் இந்த நாட்டில் இருந்திருக்காவிட்டால் அதற்கும் மேல் 2 சதவீதம், 9,500 பவுண்ட். எல்லாம் சேர்ந்தால் 47,000. ஒரே வீடு, ஒருவருக்கு எட்டாயிரத்துச் சொச்சம், பக்கத்து வீட்டுக்காரருக்கு நாற்பத்தேழாயிரம்.

183 நாள் இல்லாததற்காகக் கட்டிய அந்த 2 சதவீதத்தை, பிறகு 183 நாள் இருந்து காட்டித் திரும்பக் கேட்டு வாங்க வழி உண்டு, தம்பதியில் ஒருவர் தகுதி பெற்றாலும் போதும். ஆனாலும் முதலில் கையிலிருந்து கட்ட வேண்டும். வெறும் மனை வீடாகாது, அதைப் பற்றிப் பயம் வேண்டாம். பூர்விக வீட்டில் பங்கு இருந்தால் அதை முதல் நாளே சொலிசிட்டரிடம் (வீடு வாங்கும் வேலையைப் பார்க்கும் வக்கீல்) சொல்லிவிடுங்கள். "அது கிராமத்துல சும்மா கிடக்கு, யாருக்குத் தெரியப் போகுது" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள்தான்.

ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள் என்று சொன்னது இதற்குத்தான். 183 நாள் தாண்டிவிடும், லைசன்ஸ் வந்துவிடும், விசாக்காரர்களுக்குக் கடன் தருவதில் பல வங்கிகள் 'இங்கே எத்தனை காலம் இருந்தீர்கள்' என்று பார்ப்பதால் அதுவும் தேறும். குளிர்காலமும் ஒன்று பார்த்திருப்பீர்கள்.

கம்பெனி காட்டும் மாதிரி வீட்டுக்கு, அதாவது ஷோ ஹோமுக்குப் போனால் மயங்காமல் இருப்பது கஷ்டம். கட்டிலைச் சின்னதாகப் போட்டு அறையைப் பெரிதாகக் காட்டுகிற வித்தை எல்லாம் உண்டு, டேப் எடுத்துக்கொண்டு போங்கள். நம் ஆட்கள் டைல்ஸைப் பார்ப்பார்கள், கிழக்கு வாசலா என்று பார்ப்பார்கள் (லே அவுட் படத்திலேயே வடக்கு அம்புக்குறி இருக்கும்). யாருமே பார்க்காதது அடுப்புக்கு மேலே இருக்கிற புகைபோக்கி. அது புகையை வெளியே தள்ளுகிறதா, இல்லை, ஒரு கரி ஃபில்டரில் வடிகட்டித் திரும்ப வீட்டுக்குள்ளேயே விடுகிறதா? எங்களுடையது இரண்டாவது ரகம். சமையலறையும் ஹாலும் ஒன்றாகத் திறந்து கிடக்கிற வீடு வேறு. முதல் வாரம் கருவாட்டுக் குழம்பு வைத்தோம். திங்கட்கிழமை ரயிலில் என் கோட்டிலிருந்து அந்த வாசனை எனக்கே வந்தது. சுவரைத் துளைத்துக் குழாய் போட்டுத் தரச் சொல்வதை, வீடு எழும்பும் முன்பே கேளுங்கள்.

சேல்ஸ் ஆபீஸில் கேட்க வேண்டியது இன்னும் உண்டு. வீடு ஃப்ரீஹோல்டாகவே, அதாவது நிலத்தோடு உங்களுக்கே சொந்தமாக இருக்கும். ஆனால் வீட்டு முன்னால் இருக்கிற தெரு கவுன்சிலுக்கு (உள்ளாட்சி) போகுமா, கடைசி வரைக்கும் தனியார் தெருவாகவே இருக்குமா? புல்வெளி, விளையாட்டுத் திடல், மழைநீர்க் குட்டை இதையெல்லாம் பராமரிக்க ஒரு மேனேஜ்மென்ட் கம்பெனி வருடா வருடம் பணம் கேட்கும். கவுன்சில் டாக்ஸும் கட்டி இதுவும் கட்ட வேண்டும். இந்த வருடம் எவ்வளவு, ஏறுவதற்கு உச்சவரம்பு உண்டா என்பதை எழுத்தில் வாங்கி சொலிசிட்டரிடம் கொடுங்கள். சேல்ஸ் ஆபீஸ் பெண்மணி சிரித்துக்கொண்டே "ரொம்பக் கொஞ்சம்தான்" என்பார். கொஞ்சம் என்பது ஒரு தொகை இல்லை. அவர்கள் சிபாரிசு செய்கிற சொலிசிட்டரையே வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. வெளியே தேடுங்கள்.

பணம் கட்டி ரிசர்வ் செய்ததும் அவசரப்படுத்துவார்கள், பெரும்பாலும் 28 நாளில் எக்ஸ்சேஞ்ச், அதாவது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் கைமாற வேண்டும் என்பார்கள். எக்ஸ்சேஞ்ச் ஆன பிறகு பின்வாங்கினால் கட்டிய டெபாசிட் போச்சு. முடிகிற தேதி மட்டும் அவர்கள் கையில். எங்களுக்கு அக்டோபர் என்றார்கள், ஜனவரி ஆனது. நம்பி வாடகை வீட்டுக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டதால், ஹாரோவில் நண்பர் வீட்டு மாடியில் பத்து வாரம் அட்டைப்பெட்டிகளோடு கிடந்தோம். சாவி கைக்கு வருவதற்கான நோட்டீஸ் வந்தபிறகு வாடகை வீட்டுக்கு நோட்டீஸ் கொடுங்கள். கொஞ்ச நாள் வாடகை இரட்டிப்பாகப் போனாலும் பரவாயில்லை.

சாவி வாங்குவதற்கு முன் 'ஸ்னாகிங்' பார்க்கத் தனி ஆள் வையுங்கள். குறை கண்டுபிடிப்பதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் எழுபத்து மூன்று குறை எழுதினார். பெயின்ட் தெறிப்பு, இறங்காத ஜன்னல் என்று பாதி சில்லறை. அவருக்கும் தப்பிய ஒன்றை நாங்களே கண்டுபிடித்தோம். கீழே குளிர்கிறது என்று ஹாலில் சூட்டைக் கூட்டினால் மாடியில் வெந்தது. மாடியில் குறைத்தால் கீழே நடுங்கினோம். இரண்டு தெர்மோஸ்டாட்டின் வயரையும் மாற்றி மாட்டியிருக்கிறார்கள்! வந்த எலக்ட்ரீஷியன் பத்து நிமிடத்தில் சரிசெய்தார். அவர் வருவதற்கு ஐந்து வாரம். முதல் இரண்டு வருடம் கட்டியவர் பொறுப்பு, அதன்பின் பத்தாம் வருடம் வரை பெரிய கட்டுமானக் கோளாறுகளுக்கு மட்டும் வாரண்டி காப்பீடு என்பதுதான் பொதுவான ஏற்பாடு. எதையும் போனில் சொல்லாதீர்கள், போட்டோவோடு ஈமெயில் போடுங்கள்.

புது வீடு காய வேண்டும். பூச்சில் இருக்கிற ஈரம் வெளியேற மாதக்கணக்காகும். பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், ஹீட்டிங்கை ஒரேயடியாக ஏற்றாதீர்கள், துணியை உள்ளே காயப்போட்டால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். முடி மாதிரி விரிசல் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, ஒரு வருடம் கழித்துச் சேர்த்து அடைத்துக்கொள்ளலாம்.

பால் காய்ச்சும்போது மட்டும் கவனம். கற்பூரம், சாம்பிராணி என்று ஒரு புகைமணி உணர்ந்தால் போதும், வீட்டில் உள்ள எல்லா மணிகளும் சேர்ந்து அலறும். எங்கள் வீட்டில் அப்படி அலறும்போதே பாலும் பொங்கி இண்டக்‌ஷன் அடுப்பில் வழிய, அது பிழை காட்டித் தானே அணைந்துகொண்டது. சத்தம் கேட்டு எதிர்வீட்டு முதியவர் ஏணியோடு ஓடிவந்தார். பொங்கி வழிந்தால்தான் சுபம் என்று விளக்கியதும், தீவிரமாகத் தலையாட்டிவிட்டுச் சர்க்கரைப் பொங்கலை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

டாக்டரிடம் பதிவு செய்வது சுலபம், முகவரிச் சான்றுகூடக் கட்டாயம் இல்லை. பள்ளிதான் தலைவலி. புதுக் குடியிருப்பு வந்த வேகத்தில் பள்ளியில் இடம் வருவதில்லை. வருட நடுவில் வந்தால் கவுன்சிலில்தான் விண்ணப்பிக்க வேண்டும், பக்கத்துப் பள்ளி நிறைந்திருந்தால் தள்ளி ஒன்று கிடைக்கும். ஆரம்பப் பள்ளிக்குக் கடைசி நாள் ஜனவரி 15, ஏழாம் வகுப்பில் தொடங்கும் செகண்டரிக்கு அக்டோபர் 31. பக்கிங்ஹாம்ஷரில் கிராமர் ஸ்கூல் முறை (தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசுப் பள்ளிகள்) இன்னும் இருக்கிறது. ஆறாம் வகுப்புத் தொடக்கத்திலேயே தேர்வு, 121 எடுத்தால் தகுதி. நம்மவர்கள் பலர் இதற்காகவே இந்தக் கவுண்டிக்கு வருகிறார்கள், மூன்றாம் வகுப்பிலேயே டியூஷன் போட்டு வதைக்கிறார்கள். பக்கத்திலிருக்கும் தேம் ஊர் ஆக்ஸ்ஃபோர்டுஷரில் சேர்ந்தது. அங்கே தேர்வு இல்லாத லார்ட் வில்லியம்ஸ் பள்ளிக்கும் உங்கள் கவுன்சில் வழியாகவே விண்ணப்பிக்கலாம். என் மகளுக்கு அதைத்தான் முதலில் போட்டோம், அதற்காக உறவில் பாதிப் பேர் இன்னும் என்னைத் திட்டுகிறார்கள்.

சாமான் வாங்கச் செவ்வாய்க்கிழமை தேம் சந்தை போதும், முருங்கைக்காய்க்குப் போதாது. அதற்கு ரயிலில் ஹை விக்கம்பில் மாறி வெம்ப்ளி ஸ்டேடியத்தில் இறங்குவோம். ஈலிங் ரோட்டில் எல்லாம் கிடைக்கும். ஸ்டேடியத்தில் மேட்ச் இருக்கிற நாளா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் தண்டவாள வேலை இருக்கிறதா என்றும் பாருங்கள். மீன் பையோடு மாற்றுப் பஸ்ஸில் வந்த கதை எங்களிடம் உண்டு.

தோட்டத்தில் புல்லைத் தோண்டினால் முதலில் வருவது செங்கல் துண்டுதான். மேல் மண் ஒரு சாண்கூட இல்லை. இரண்டு மூட்டை உரம் போட்டு மே மாதம் விதைத்தால் வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும் வரும். கறிவேப்பிலையைத் தொட்டியிலேயே வையுங்கள், அக்டோபர் பிறப்பதற்குள் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள்.