ஷிப்டில் உட்காரும் நேரத்தைக் குறைத்தேன், சர்க்கரையும் குறைந்தது

போலீஸ் வேலை என்றால் எந்நேரமும் ஓட்டமும் நடையும்தான் என்று வெளியில் நினைக்கிறார்கள். ரோந்து வண்டி, கண்ட்ரோல் ரூம், அறிக்கை எழுதும் மேசை என்று ஷிப்டில் பெரும்பகுதி உட்கார்ந்தேதான் போகிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 வந்தது. 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. காலை ஓட்டம் எனக்குப் பழக்கம்தான்; ஆனால் மீதி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதை அது ஈடுகட்டவில்லை.

சரி என்று, அரை மணிக்கொரு முறை எழுந்து சில நிமிடம் நடக்க ஆரம்பித்தேன். போன் வந்தால் நின்றபடியே பேச்சு. வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் இறங்கி ஒரு சுற்று (ரோந்துக்கும் அதுதானே நல்லது!). அதிகம் உதவியது சாப்பிட்டதும் நடந்ததுதான். தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் துணை இல்லாமலும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அடுத்த பரிசோதனையில் 97. இரவு ஷிப்டில் கெடும் தூக்கத்துக்குத்தான் இன்னும் வழி பிடிபடவில்லை.