பழைய சூப்பர் பைக் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீங்கள் பார்க்கப் போகும் வண்டி ஏற்கெனவே ஸ்டார்ட் ஆகி உறுமிக்கொண்டு நின்றால், விலை பேசாமல் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்புங்கள். எஞ்சினுக்குள் ஓடும் கேம் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்த கடகடப்பு, ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது, முதல் சில நொடி வரும் நீலப் புகை எல்லாம் எஞ்சின் சூடானதும் மறைந்துவிடக்கூடியவை. 'நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்' என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். போனதும் முதல் வேலையாக எஞ்சின் கவரைத் தொட்டு, குளிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

குறைந்த கிலோமீட்டரைப் பார்த்து மயங்குவது அடுத்த தவறு. 5,000 கி.மீ. ஓடிவிட்டு வருடக்கணக்கில் மூடிக்கிடந்த வண்டியைவிட, 30,000 கி.மீ. ஓடி ஒழுங்காக சர்வீஸ் பார்த்த வண்டியைத்தான் நான் எடுப்பேன். சும்மா நின்றால் பெட்ரோல் பிசினாகும், பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், டயர் இறுகிவிடும். டயரின் பக்கவாட்டில் 2319 என்று இருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. டயர் மேலே ரப்பர் பட்டன் எவ்வளவு மீதமிருந்தாலும், இறுகிய டயரை நம்பி வளைவில் சாய்க்க முடியாது.

விழுந்த வண்டியைக் கண்டுபிடிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஃபேரிங்கை (வண்டியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உடல்) மாற்றலாம், பெயிண்ட் அடிக்கலாம். ஆனால் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். திருப்பம் முட்டி நிற்பதற்கென்று ஃபிரேமில் ஒரு சின்ன மேடு இருக்கும். அது நசுங்கியோ வெடித்தோ இருந்தால் பலமான அடி பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பிரேக், கிளட்ச் லீவர் நுனி, கால் வைக்கும் ஃபுட்பெக் நுனி. ஒரு பக்கம் மட்டும் புதுசாக மின்னினால் ஏன் என்று கேளுங்கள். ஆயில் டிரெயின் போல்ட்டில், அது கழன்றுவிடாமல் கம்பி கோர்க்கத் துளை போட்டிருந்தால் வண்டி ரேஸ் டிராக்கில் ஓடியிருக்க வாய்ப்பு அதிகம். டிராக்கில் ஓடியது குற்றமில்லை, அதை மறைப்பதுதான் தப்பு.

பெரிய சர்வீஸ் நெருங்கும் நேரத்தில் விற்றுவிடுகிறவர்களும் உண்டு. டுகாட்டி பனிகாலே வி4-இல் வால்வ் கிளியரன்ஸ் (எஞ்சின் வால்வுகளின் இடைவெளி) பார்ப்பது 24,000 கி.மீ.க்கு ஒருமுறை. பிரித்துச் சேர்க்கவே கூலி நிறைய ஆகும். 23,000-த்தில் நிற்கும் வண்டி என்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். 'செய்தாச்சு' என்றால் பில்லைக் கேளுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது இரண்டாவது கியரில் நன்றாக முறுக்குங்கள். கியர் நழுவினால் அதைச் சரிசெய்ய எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும்.