ரோஜா பட்டுப்போன குழியில் மறுபடி ரோஜா நடும் முன்

ஒரு ரோஜாச் செடி வாடிப் பட்டுப்போனால் நர்சரியிலிருந்து இன்னொன்றை வாங்கி வந்து அதே குழியில் வைத்துவிடுகிறோம். பெரும்பாலும் அடுத்த மழைக்காலத்தில் அதுவும் போய்விடுகிறது. முதல் செடியைக் கொன்ற பூஞ்சணம் மண்ணிலேயே காத்திருந்து புதுச் செடியின் வேரைப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். எங்கள் வீட்டு ரோஜாப் பாத்தியை வேரழுகலிலிருந்து மீட்ட முறையை இங்கே எழுதுகிறேன். குழி எடுப்பது, கவாத்து செய்வது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. வேரைக் கழுவிப் பாருங்கள்

பட்ட செடியைக் கையால் இழுக்காதீர்கள். வேர் அறுந்து மண்ணில் தங்கிவிடும். இதற்குக் கடப்பாரைதான் சரி. சுற்றிலும் நெம்பி முழு வேரோடு எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் அலசுங்கள். வேர் பழுப்பாகி, மேல்தோல் வழுக்கிக்கொண்டு கழன்று வந்தால் வேரழுகல். சல்லிவேர்களில் மணி மணியாக முடிச்சுகள் இருந்தால் நூற்புழு, அதாவது வேரைத் தாக்கும் நுண்ணிய மண்புழுவினம் அல்லாத புழு. பயறுச் செடி வேரில் முடிச்சு இருப்பது இயல்பு, ரோஜாவில் அப்படிக் கிடையாது. ஒட்டுப்பகுதிக்கு அருகே சொரசொரப்பான கட்டி இருந்தால் அது பாக்டீரியாவால் வரும் கழலை நோய். கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கருகி, வேர் வெள்ளையாக நன்றாக இருந்தால் அது நுனிக்கருகல். வெட்டுக்காயம் வழியே வருவது அது. அதற்காக மண்ணை எதுவும் செய்ய வேண்டாம்.

2. அப்புறப்படுத்துங்கள்

செடி, உதிர்ந்த இலை, அறுந்த வேர் எல்லாவற்றையும் எரித்துவிடுங்கள். உரக்குழியில் போடக் கூடாது.

3. மண்ணுக்கு வெயில் மூட்டம் போடுங்கள்

நனைத்த மண்ணைத் தெளிவான பாலித்தீன் தாளால் மூடி, வெயிலின் சூட்டிலேயே பூஞ்சணத்தைக் கொல்வதுதான் வெயில் மூட்டம். எல்லாவற்றிலும் முக்கியமான வேலை இது. பலர் செய்தும் பலன் இல்லை என்பதும் இதில்தான். இஸ்ரேலில் யாக்கோவ் கத்தானும் அவருடைய குழுவினரும் 1976இல் வெளியிட்ட முறை இது. நம் கத்தரி வெயிலுக்கு அளவெடுத்தாற்போல் பொருந்துகிறது. ஏப்ரல் கடைசியில் தொடங்கி நான்கு முதல் ஆறு வாரம் வரை மூடி வைக்க வேண்டும்.

பாத்தியைக் கொத்தி, கட்டிகளை உடைத்து, மட்டமாக நிரவுங்கள். கட்டி இருந்தால் தாள் தூக்கி நிற்கும், இடையில் காற்று புகுந்து சூடு இறங்காது. பிறகு ஓர் அடி ஆழம் நனையும் அளவுக்குத் தண்ணீர் விடுங்கள். காய்ந்த மண்ணில் பூஞ்சண வித்துகள் உறங்கிக் கிடந்து வெப்பத்தைத் தாங்கிவிடும். ஈரத்தில்தான் அவை சாகும். சூட்டைக் கீழே கொண்டுபோவதும் அந்த ஈரம்தான்.

தாள் கண்ணாடிபோல் தெளிவாக இருக்க வேண்டும். கறுப்புத் தாள் வெயிலைத் தானே வாங்கிக்கொள்ளும், மண்ணுக்கு அந்த அளவுக்குச் சூடு போகாது. 25 முதல் 50 மைக்ரான் தடிமன் போதும். தடித்த தார்ப்பாய் வேண்டவே வேண்டாம். நான்கு ஓரத்தையும் மண்ணில் புதைத்து மிதித்துவிடுங்கள். சரியாக மூடினால் மேல்மண் 50 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். மர நிழல் விழும் பாத்தியில் இந்த முறை எடுபடாது.

தாளை எடுத்த பிறகு ஆழமாகக் கொத்தாதீர்கள். சூடு எட்டாத அடிமண் மேலே வந்தால் உழைப்பு அத்தனையும் வீண்.

4. நல்ல பூஞ்சணத்தைக் குடியேற்றுங்கள்

வெயில் மூட்டத்தில் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே குறையும். அந்த இடத்தை முதலில் பிடிப்பது டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சணமாக இருக்கட்டும். தூளாகப் பொட்டலத்தில் கிடைக்கும். 10 கிலோ மக்கிய தொழு உரத்துக்கு 100 கிராம் கலந்து, நிழலில் ஈரச் சாக்கு போட்டு மூடி, பத்துப் பதினைந்து நாள் வைத்திருந்து பாத்தியில் இடுங்கள். பொட்டலத்தில் தயாரிப்புத் தேதி பார்க்காமல் வாங்காதீர்கள். பழைய தூளில் உயிர் இருக்காது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தயாரிப்பு கிடைத்தால் நான் வேறெதையும் தேடுவதில்லை. கார்பெண்டசிம் போன்ற பூஞ்சணக்கொல்லியை இதோடு ஊற்றினால் டிரைக்கோடெர்மாவும் செத்துவிடும்.

5. நடவு

பாத்தியை அரை அடி உயர்த்துங்கள். ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே நிற்கட்டும். மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர்.

பின்சேர்க்கை: மாடித் தோட்டக்காரர்கள் பலர் தொட்டி மண்ணைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். மண்ணை நனைத்துத் தெளிவான பாலித்தீன் பையில் நிரப்பி, வாயைக் கட்டி, ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல் தளத்தில் பரப்பி வையுங்கள். தொட்டியையும் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

நூற்புழு என்றால் வெயில் மூட்டம் மட்டும் போதாது, அது ஆழத்துக்கு இறங்கிவிடும். ஒரு பருவம் முழுக்க அங்கே செண்டுமல்லி நெருக்கமாக வளர்த்து, பிறகு வேப்பம் புண்ணாக்கு இட்டு ரோஜா வையுங்கள். கழலை நோய் வந்த இடத்தில் இரண்டு ஆண்டுகளாவது ரோஜா வேண்டாம். மக்காச்சோளம் போன்ற புல்லினப் பயிரைப் போடுங்கள். அந்தச் செடியை வெட்டிய கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்த பிறகே அடுத்த செடியைத் தொடுங்கள்.