கடற்கழியின் மீன்வளத்தை அளந்தறிவது எப்படி: பாகான் டத்தோ தோட்டப்புறத்தாருக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள பாகான் டத்தோ வட்டாரத்தில் செம்பனை, தென்னந்தோட்டங்களில் விழும் மழைநீர், வடிகால்களில் ஓடி மதகைக் கடந்து, வடக்கே பேராக் ஆற்றுக் கழிமுகத்தையோ தெற்கே பெர்னாம் ஆற்றுக் கழிமுகத்தையோ அடைகிறது. பாசாரில் நாம் வாங்கும் இறாலும் நண்டும் அத்தகைய நீரில்தான் வளர்கின்றன. ஆகவே கடற்கழியைக் கவனிப்பது மீனவருக்கு மட்டுமன்றித் தோட்டத்தில் வாழ்பவர்களுக்கும் உரிய பணி. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் இளைஞர் மன்றத்தினரும் அதை எளிய கருவிகளைக் கொண்டே செய்யலாம்.

மணல்திட்டு ஒன்று கடலைத் தடுத்து நிற்க, அதன் பின்னால் ஒரு வாய் வழியே மட்டும் கடலோடு தொடர்பு வைத்திருக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பே கடற்கழி. மலேசியாவில் இதைத் தெளிவாகக் காண விரும்புபவர்கள் தெரெங்கானுவின் செத்தியூவுக்குச் செல்லலாம். அங்கே கழிக்குள் கூண்டு மீன்வளர்ப்பும் சிப்பி வளர்ப்பும் நடக்கின்றன. நமது கரை சேற்றுக்கரை. இங்கே கழிமுகமும் பாக்காவ் எனப்படும் அலையாத்திக் காட்டு ஓடைகளும் பெரும்பாலும் அதே பணியைச் செய்வதால், பயிற்சியை இங்கேயே தொடங்கலாம்.

முதலில் வாயைப் பாருங்கள். வாய் தூர்ந்தால் உப்புநீர் உள்ளே வராது, மீன்குஞ்சும் வராது. ஒடிசாவின் சிலிகா ஏரியில் 2000 செப்டம்பரில் புதிய வாய் ஒன்று வெட்டப்பட்டது. அதற்கு முன் ஆண்டுக்கு 2,000 டன்னுக்கும் கீழே இறங்கியிருந்த மீன்பிடிப்பு, சில ஆண்டுகளிலேயே 10,000 டன்னைத் தாண்டியது. வாயின் முக்கியத்துவத்துக்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

அடுத்தது உப்பின் அளவு. கடல்நீரின் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். கழியில் அது இடத்துக்கு இடம், ஓதத்துக்கு ஓதம் (கடல்நீர் ஏறி வற்றுவதற்கேற்ப) மாறும். உப்புநீர் கனமானது என்பதால் அது அடியில் தங்க, நன்னீர் மேலே பரவி நிற்கும். மேல்நீரை மட்டும் அள்ளி அளப்பவர் தவறான முடிவுக்கே வருவார். பாட்டிலில் கல்லைக் கட்டி, மூடியை ஒரு தக்கையாக அமைத்து, தக்கைக்குத் தனிக்கயிறு இட்டு, அடிக்கு இறங்கியபின் அக்கயிற்றைச் சுண்டி இழுத்தால் அடிநீர் நிரம்பும். மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் உப்புமானியே இதற்குப் போதும். ஓதம் ஏறும்போது ஒருமுறையும் வற்றும்போது ஒருமுறையும் அளந்து, நேரத்தோடு எழுதிவையுங்கள்.

பிறகு குஞ்சுகளைத் தேடுங்கள். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் ஓதத்தோடு கழிக்குள் வந்து, சில மாதம் வளர்ந்து, மீண்டும் கடலுக்குப் போகின்றன. பாக்காவ் வேர்களின் ஓரமாகச் சிறுகண் கைவலையால் அள்ளியதை நீர் நிறைந்த வெள்ளைத் தட்டில் ஊற்றிச் சற்றுப் பொறுத்துப் பார்த்தால், முதலில் உடல் தெரியாது. இரண்டு கரும்புள்ளிகளாகக் கண்கள் மட்டும் நகரும். எண்ணிக் குறித்தபின் அவற்றைத் தண்ணீரில் விட்டுவிடுங்கள். சியாக்காப் எனப்படும் கொடுவா மீனோ ஆணாக வளர்ந்து பின்னரே பெண்ணாக மாறுவது. சிறியவற்றையே பிடித்துத் தீர்த்தால் முட்டையிடப் பெண் மீன் மிஞ்சாது. கழிமுகங்களில் முதலை உண்டு என்பதால், உள்ளூர் மீனவர் துணையின்றி யாரும் நீரில் இறங்கலாகாது.

தோட்டப்புறத்தார் மிகவும் கருத்தூன்ற வேண்டிய இடம் மதகு. கடலோரத் தோட்டங்கள் பல, ஒருகாலத்தில் பாக்காவ் காடாக இருந்த நிலத்தில் அமைந்தவை; அம்மண்ணின் அடியில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் இருக்கக்கூடும். நீர்மட்டம் தாழ்ந்து காற்றுப் பட்டவுடன் அது கந்தக அமிலமாக மாறுகிறது. வறட்சிக்குப்பின் வரும் முதல் பெருமழை அந்த அமிலத்தையும், அது மண்ணிலிருந்து கரைத்த அலுமினியத்தையும் வாரிக்கொண்டு கழிக்குள் சேர்க்க, மீன்களின் செவுள் பாதிக்கப்படுகிறது. வடிகால் ஓரத்தில் துருநிறப் படிவு கண்டால் உடனே, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள். 4-க்கும் கீழே காட்டினால் ஆபத்து. அலுமினியம் சேற்றைத் திரட்டிப் படியவைப்பதால் அத்தகைய நீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் அன்று என்பதை மாணவர்களுக்கு இங்கே நேரில் காட்டலாம்.

அமில நீர் என்று தெரிந்தால், நாள், மழையளவு, பிஎச் அளவு, படம் ஆகியவற்றுடன் வடிகால் நீர்ப்பாசனத் துறைக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் எழுதுங்கள். மதகைச் சிறிது சிறிதாகத் திறக்கவும், வறண்ட மாதங்களில் வடிகால் நீர்மட்டத்தைப் பைரைட் அடுக்குக்கு மேலேயே நிறுத்திவைக்கவும் கேளுங்கள். அமிலம் ஏறிய மண்ணில் செம்பனையின் விளைச்சலும் குன்றும் என்பதால், இக்கோரிக்கையைத் தோட்ட நிர்வாகத்தின் நலனாகவும் எடுத்துரைக்கலாம். மீன்கள் செத்து மிதந்தால் மீன்வளத் துறைக்கும் சுற்றுச்சூழல் துறைக்கும் அன்றே தெரிவித்து, நீர் மாதிரியைச் சுத்தமான பாட்டிலில் நிரப்பிக் குளிர்பெட்டியில் வையுங்கள்.